ஜெபம் பண்ணியாச்சு, கேவியட்டும் போடலாமா?

தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வீட்டை ஒட்டிய சொந்தப் பட்டா நிலத்தில் தையல் யூனிட்டுக்கு ஒரு ஷெட்டும் சுற்றுச்சுவரும் கட்டுகிறார். ஆறு பெண்கள் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். சுவர் இடுப்பு உயரத்துக்கு வந்தபோது பக்கத்து நிலத்துக்காரர் வந்து, "இதில் மூணு அடி என் இடம், கோர்ட்டில் ஸ்டே வாங்கி நிறுத்திடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வக்கீல் கேவியட் மனு (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று கோர்ட்டில் முன்கூட்டிச் சொல்லி வைப்பது) போட்டு வைக்கச் சொல்கிறார். ஜெபக்குழுவில் மூத்த அண்ணன் ஒருவரோ, 'கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார். நீங்கள் சும்மாயிருப்பீர்கள்' என்ற வசனத்தைக் காட்டி, கேவியட் போடுவது அவிசுவாசம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? புதன்கிழமை சர்வேயர் வேறு வருகிறாராம், அதையாவது செய்யலாமா?

நான் முப்பது வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாட வகுப்பும் எடுக்கிறேன். இந்தக் கேள்வி என்னுடைய இரண்டு மேசைக்கும் வந்திருக்கிறது. என் பதில்: போடுங்கள். சர்வேயரையும் கட்டாயம் வரச்சொல்லுங்கள். ஆனால் எந்த மனதோடு போடுகிறீர்கள், போட்ட பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் அண்ணன் காட்டிய வசனம். யாத்திராகமம் 14:14. முன்னால் சமுத்திரம், பின்னால் பார்வோனின் ரதங்கள். ஜனங்கள் மோசேயைப் பிடித்து, எங்களை எகிப்திலேயே விட்டிருக்கலாமே என்று கூச்சல் போடுகிறார்கள். அவர்களிடம் சொன்னதுதான் 'சும்மாயிருப்பீர்கள்'. எபிரெயத்தில் அங்கே இருக்கிற வினைச்சொல்லுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது என்றுதான் பொருள். கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை என்பது அடுத்த வசனத்திலேயே தெரிந்துவிடும். 'நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன?' என்று தேவன் மோசேயைக் கேட்டு, ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல்கிறார். நம் சபைகளில் 14-ஐ ஃபிரேம் போட்டு மாட்டுகிறோம். 15-ஐ மாட்டின வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துவது எஸ்றாவும் நெகேமியாவும்தான், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பின யூதர்கள் எருசலேமின் ஆலயத்தையும் மதிலையும் திரும்பக் கட்டின கதையைச் சொல்கிற இரண்டு புத்தகங்கள். கட்டடம், அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பு, தடை உத்தரவு, அதிகாரிக்குக் கடிதம், பழைய ரெக்கார்டைத் தேடி எடுப்பது என்று முழுக்க முழுக்க நம்ம சமாச்சாரம். பத்திர எழுத்தனுக்கு இதைவிடப் பிடித்த பகுதி வேதத்தில் இருக்க முடியாது.

எஸ்றா 4-ஆம் அதிகாரத்தில் ரெகூம் என்கிற அதிகாரியும் சிம்சாயி என்கிற எழுத்தரும் சேர்ந்து பாரசீக ராஜா அர்தசஷ்டாவுக்கு ஒரு மனு எழுதுகிறார்கள். எருசலேம் பழைய கலகக்கார ஊர், மதிலைக் கட்டிவிட்டால் வரி கட்டமாட்டார்கள், நம்பாவிட்டால் உங்கள் தகப்பன்மார் காலத்துப் பதிவுகளைப் பாருங்கள் என்று. ராஜா பார்க்கிறார். என்னிடமிருந்து மறு உத்தரவு வரும்வரை வேலையை நிறுத்துங்கள் என்று பதில் வருகிறது. கட்டுகிறவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நம் பாஷையில் சொன்னால் எக்ஸ்பார்ட்டி ஸ்டே. அந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் அவர்கள் ஆளும் படையுமாகப் போய் வேலையை நிறுத்திவிட்டார்கள். இந்தக் கடிதங்களெல்லாம் எபிரெய நூலுக்கு நடுவே அரமேய மொழியில் இருக்கின்றன. அன்றைய பாரசீக அரசாங்க அலுவல் மொழி அதுதான். வழக்குக் கட்டில் சர்ட்டிஃபைடு காப்பியைச் சொருகி வைத்த மாதிரி.

இன்னொரு கடிதக் கதையும் அங்கேயே இருக்கிறது, காலத்தால் முந்தியது. ஆலயத்தைத் திரும்பக் கட்டும்போது தத்னாய் என்கிற தேசாதிபதி வந்து, யார் கொடுத்த அனுமதி, கட்டுகிறவர்களின் பெயர் என்ன என்று கேட்கிறான். மூப்பர்கள் பயந்து ஓடவும் இல்லை, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. பாரசீக ராஜா கோரேஸ் முதலாம் வருஷத்தில் கொடுத்த உத்தரவு இருக்கிறது, தேடிப் பாருங்கள் என்றார்கள். பாபிலோனில் தேடச் சொன்ன உத்தரவு, கடைசியில் அக்மேதா அரண்மனையில் ஒரு சுருளாகக் கிடைத்தது. கோரேஸ் உத்தரவு போட்டது கி.மு. 538 வாக்கில். தேடியது ஏறக்குறைய பதினெட்டு வருடம் கழித்து. ஆலயம் கி.மு. 515-ல் முடிந்தது. அந்த மூப்பர்கள் மேல் தேவனுடைய கண் இருந்தது, ஆகையால் வேலை நிற்கவில்லை என்று எஸ்றா எழுதுகிறார். அந்தக் கண்ணை நம்பின அதே ஜனங்கள்தான் தேதியோடு உத்தரவைச் சொல்லி, தேடிப் பார்க்கச் சொன்னவர்களும். இரண்டுக்கும் நடுவில் சண்டை இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது நெகேமியா. கி.மு. 445. சூசான் அரண்மனையில் ராஜாவின் பானபாத்திரக்காரன். அதே அர்தசஷ்டா, ஸ்டே கொடுத்த ராஜா. எருசலேமின் மதில் இடிபட்டு, வாசல்கள் சுட்டெரிக்கப்பட்டுக் கிடக்கின்றன என்று ஆனானி வந்து சொன்னது கிஸ்லேவு மாதம். ராஜா 'ஏன் முகம் வாடியிருக்கிறது?' என்று கேட்டது நிசான் மாதம். நடுவில் நாலு மாதம் உபவாசமும் ஜெபமும். ராஜா 'என்ன வேண்டும்?' என்று கேட்ட அந்த நொடியிலும் மனதுக்குள் ஒரு ஜெபம். சரி, ஜெபம் முடிந்ததும் வாயைத் திறந்து கேட்டது என்ன? நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம். வனக் காவலன் ஆசாபுக்கு ஒரு கடிதம், கோட்டை வாசலுக்கும் மதிலுக்கும் தான் தங்கப்போகிற வீட்டுக்கும் மரம் கொடுக்கச் சொல்லி. எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டதற்குத் தவணையும் சொன்னார். எனக்குப் பிடித்தது அந்த ஆசாப்தான். நாலு மாதம் முழங்காலில் இருந்த மனிதர், மரக்கிடங்கு அதிகாரியின் பெயரையும் தெரிந்து வைத்திருக்கிறார் பாருங்கள். தடை கொடுத்த ராஜாவிடமிருந்தே எழுத்தில் அனுமதி வாங்காமல் அவர் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை.

இங்கே ஜெபக்குழு அண்ணன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒருதலையாகப் பேசினவன் ஆவேன். நெகேமியா வரும்போது ராஜா படைத்தலைவர்களையும் குதிரைவீரர்களையும் கூட அனுப்பினார், இவரும் ஏற்றுக்கொண்டார். பதின்மூன்று வருடம் முன்னால் அதே ராஜாவிடமிருந்து அதே ஊருக்குப் புறப்பட்ட எஸ்றா, படை கேட்க வெட்கப்பட்டேன் என்று எழுதுகிறார். எங்கள் தேவன் தம்மைத் தேடுகிறவர்களைக் காப்பார் என்று ராஜாவிடம் சொல்லிவிட்டேனே, இப்போது போலீஸ் எஸ்கார்ட் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். அதற்குப் பதிலாக அகாவா நதிக்கரையில் உபவாசம் இருந்தார்கள், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆக, ஒரே வேதத்தில் படை வேண்டாம் என்ற விசுவாசியும் இருக்கிறார், படையோடு வந்த விசுவாசியும் இருக்கிறார். ஒருவரை வைத்து மற்றவரை அடிக்க முடியாது. அண்ணனுக்கு ஒருவேளை எஸ்றாவின் மனது இருக்கலாம்.

ஆனால் எஸ்றாவும் எதைச் செய்தார் என்று முழுதாகப் படியுங்கள். புறப்படுமுன் 650 தாலந்து வெள்ளி, 100 தாலந்து பொன், பாத்திரங்கள் எல்லாவற்றையும் தராசில் நிறுத்து, பன்னிரண்டு ஆசாரியத் தலைவர்கள் கையில் ஒப்படைத்தார். தாலந்துக்குச் சுமார் 30 கிலோ என்று வைத்தால் வெள்ளி மட்டும் 19 டன்னுக்கு மேல். எருசலேம் போய்ச் சேர்ந்த நாலாம் நாள், ஆலயத்தில் திரும்ப எண்ணி, திரும்ப நிறுத்து, நிறை முழுவதையும் எழுதி வைத்தார்கள். கொள்ளைக்காரனுக்கு எதிராகப் படை கேட்காத மனிதர், கூட வந்த ஆசாரியர்களிடமே ரசீது கேட்டிருக்கிறார். படையை விடலாம் என்று நினைத்தவருக்குக்கூடக் கணக்கை விடத் தோன்றவில்லை. எழுத்தையும் அளவையும் ஒழுங்காக வைப்பதை அவிசுவாசம் என்று சொல்ல வேதத்தில் எனக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை.

அடுத்து நெகேமியா 4-ஆம் அதிகாரம். இதில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள்.

முதலில் கேலி. சன்பல்லாத்து, இந்த அற்ப யூதர் என்னதான் செய்கிறார்கள் என்கிறான். அம்மோனியனாகிய தொபியா, ஒரு நரி ஏறிப்போனால் இடிந்துவிடும் என்கிறான். (சன்பல்லாத்து கதைக்காக உண்டாக்கின ஆள் இல்லை. எகிப்தில் யானைத்தீவில் இருந்த யூதர்கள் கி.மு. 407-ல் எழுதிய பாபிரஸ் கடிதம் ஒன்றில், சமாரியாவின் ஆளுநர் சன்பல்லாத்தின் மக்கள் என்று இரண்டு பேரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.) மதில் பாதி உயரம் வந்ததும் கேலி போய்ச் சதி வருகிறது. அந்த இடத்தில்தான் 9-ஆம் வசனம்: எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினோம், இரவும் பகலும் காவலும் வைத்தோம். நடுவில் 'ஆனாலும்' இல்லை. ஒரே மூச்சு.

காவல் வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. அடுத்த வசனத்திலேயே, சுமக்கிறவர்களுக்குப் பெலன் குறைகிறது, மண்மேடு ஏராளம், நம்மால் கட்டமுடியாது என்கிற புலம்பல். எதிரிகளுக்குப் பக்கத்தில் குடியிருந்த சொந்த ஜனங்களே பத்துத்தரம் வந்து, அவர்கள் எல்லாப் பக்கமிருந்தும் வரப்போகிறார்கள் என்று பயத்தைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். உங்களுக்கும் வந்திருப்பார்களே, 'அவருக்குக் கோர்ட்டில் ஆள் இருக்காம்' என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறவர்கள்.

நெகேமியா என்ன செய்தார்? மதிலில் எங்கெங்கே தாழ்வாக இருந்ததோ அங்கே ஜனங்களைக் குடும்பம் குடும்பமாக நிறுத்தினார். கர்த்தரை நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் சகோதரருக்காகவும் குமாரர் குமாரத்திகளுக்காகவும் மனைவிகளுக்காகவும் வீடுகளுக்காகவும் போராடுங்கள் என்றார். தம்பி, உங்கள் யூனிட்டில் ஆறு பெண்கள் இருக்கிறார்கள் என்றீர்களே. உங்கள் வஸ்திரத்தை ஒருவன் கேட்டால் அங்கியையும் விட்டுவிடலாம், அது உங்கள் சொத்து, உங்கள் இருதயம். அந்த ஆறு பேரின் வாரச் சம்பளத்தை உங்கள் தாராள மனதைக் காட்ட விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

பிறகு வருகிற 15-ஆம் வசனத்தை யாரும் பிரசங்கிக்கிறதில்லை. தங்கள் திட்டம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எதிரிகள் அறிந்துகொண்டார்கள், அதனால் நாங்கள் எல்லோரும் மதிலுக்கு, அவரவர் வேலைக்குத் திரும்பினோம். காவலின் பலன் அவ்வளவுதான்: அவரவர் வேலைக்குத் திரும்பினோம். அன்று முதல் பாதிப்பேர் வேலை, பாதிப்பேர் ஈட்டியும் கேடயமும். சுமக்கிறவன் ஒரு கையால் வேலை செய்தான், ஒரு கையில் ஆயுதம் பிடித்திருந்தான். கட்டுகிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் பட்டயம் இடுப்பில். இதை எழுதினவர் கொத்தனார் வேலையைக் கண்ணால் பார்த்தவர், சந்தேகமே இல்லை. ஒரு கையால் செங்கல் சுமக்கலாம், ஒரு கையால் சுவர் எழுப்ப முடியாது. எக்காளம் ஊதுகிறவன் நெகேமியாவின் பக்கத்தில் நின்றான். மதில் நீளம், ஆள்கள் தூரம் தூரமாக நிற்கிறார்கள். சத்தம் கேட்ட இடத்துக்கு ஓடி வாருங்கள், நம்முடைய தேவன் நமக்காக யுத்தம்பண்ணுவார் என்றார்.

கவனித்தீர்களா? உங்கள் அண்ணன் சொன்ன அதே வார்த்தை. இங்கே அதைச் சொல்வது பட்டயம் கட்டின ஆள்களிடம்.

52 நாளில் எலூல் மாதம் 25-ஆம் தேதி மதில் முடிந்தது. இந்தப் புத்தகம் முழுக்க மதிலுக்காக ஒரு சண்டைகூட நடக்கவில்லை. ஒரு அம்பு எய்ததாகவும் இல்லை.

கேவியட் என்பதும் ஏறத்தாழ அந்தக் காவல்தான். அது வழக்குப் போடுவது ஆகாது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1976-ல் சேர்த்த 148ஏ பிரிவு. இன்னார் என் விஷயத்தில் மனுப் போடக்கூடும், என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று கோர்ட்டில் முன்கூட்டிச் சொல்லி வைப்பது. அதன் பிறகு அவர் ஸ்டே கேட்டு வந்தால் உங்களுக்கு நோட்டீஸ் வந்தாக வேண்டும். 90 நாள் செல்லும், தேவைப்பட்டால் புதிதாகப் போட வேண்டும். இன்னொன்று, கேவியட் போடுகிறவர் எதிர்பார்க்கிற அந்த ஆளுக்குப் பதிவுத் தபாலில் தகவல் அனுப்ப வேண்டும். அதாவது உங்கள் திட்டம் எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிடும். பாதி சண்டை அங்கேயே அடங்கிப்போகும். என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். அடங்காவிட்டாலும், ரெகூமும் சிம்சாயியும் செய்த மாதிரி உங்களுக்குத் தெரியாமல் ஒரு கடிதத்தில் வேலையை நிறுத்த முடியாது. எதிராளி உங்கள் சபைக்காரரே என்றால் மட்டும், சகோதரனோடு சகோதரன் கோர்ட்டுக்குப் போகிறதைப் பவுல் கொரிந்தியருக்குக் கண்டித்து எழுதினதை மனதில் வைத்து, தபாலுக்கு முன்னால் போதகரையோ மூப்பரையோ நடுவில் வைத்து ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வாக்குத்தத்தம் இருக்கும்போது ஏற்பாடு எதற்கு என்று அண்ணன் கேட்டால் பவுலைக் காட்டுங்கள். அப்போஸ்தலர் 23. ராத்திரி கர்த்தரே பக்கத்தில் நின்று, திடன்கொள், நீ ரோமாவிலும் சாட்சி சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டார். இதைவிடப் பெரிய உத்தரவாதம் யாருக்குக் கிடைக்கும்? மறுநாள், நாற்பது பேருக்கு மேல் பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதில்லை என்று சபதம் போட்டிருக்கிறார்கள் என்று சகோதரியின் மகன் வந்து சொல்கிறான். பவுல், கர்த்தர்தான் ரோமாவுக்குப் போவாய் என்றாரே, போய்த் தூங்குடா என்று சொல்லவில்லை. நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டு, இந்தப் பையனைச் சேனாபதியிடம் கொண்டுபோங்கள் என்கிறார். அன்று ராத்திரி 200 போர்ச்சேவகர், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் காவலோடு ஊரை விட்டுப் போனார். வாக்குத்தத்தம் அந்தப் பையன் வழியாகத்தான் நிறைவேறிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சரி, இப்போது இந்தப் பக்கம் இருக்கிற பள்ளம். வக்கீல் சொன்னது சரி என்று நான் சொன்னதும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

யூதாவின் ராஜா எசேக்கியா காலத்தில் அசீரியர் படையெடுத்தது கி.மு. 701. எருசலேமுக்கு வெளியே இருந்த ஊற்றுத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்த சுரங்கம் இன்றும் இருக்கிறது. சுமார் 533 மீட்டர். இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வந்தவர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்கிற கல்வெட்டை 1880-ல் கண்டெடுத்தார்கள். நாளாகமத்தில் இந்த ஏற்பாடுகள் எல்லாம் எசேக்கியாவின் நல்ல காரியங்களாக வருகின்றன. ஆனால் ஏசாயா 22-ல் தீர்க்கதரிசி அதே ஊரைத் திட்டுகிறார். ஆயுதசாலையைப் பார்த்தீர்கள், வீடுகளை எண்ணி இடித்து மதிலை உறுதியாக்கினீர்கள், இரண்டு மதிலுக்கும் நடுவில் குளம் வெட்டினீர்கள், இதையெல்லாம் செய்தவரையோ நோக்காமல் போனீர்கள் என்கிறார். மதிலைக் கட்டினதைத் தப்பு என்று சொல்லவில்லை. கண் போன திசையைச் சொல்கிறார். அதே அதிகாரத்தில் அந்த ஜனங்கள் 'புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம்' என்று மாடு அடித்துக் கொண்டாடுகிறார்கள். மதில் வலுவாக இருக்கிறது, மனதுக்குள் நம்பிக்கை காலி.

காவலே முழு நேர வேலை ஆகிவிடுவதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். ஒன்றரை சென்ட் வழக்குக்காக இரண்டு தலைமுறை கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்த குடும்பம் உண்டு. கட்டு கட்டாகக் காகிதம், மஞ்சள் பை, வாய்தா நாளுக்கு முந்தின ராத்திரி தூக்கமில்லை. நிலத்தில் வேலிகாத்தான்தான் வளர்ந்தது.

நெகேமியாவை இந்தப் பள்ளத்தில் இழுத்துப் போடத்தான் ஆறாம் அதிகாரத்தில் பார்க்கிறார்கள். ஓனோ சமவெளிக்கு வா, பேசிக்கொள்வோம் என்று நாலு தடவை ஆள் அனுப்புகிறார்கள். எருசலேமிலிருந்து அது ஒரு நாள் நடைக்குக் குறையாது. நான் பெரிய வேலை செய்கிறேன், நான் அங்கே வருவதால் வேலை ஏன் நிற்கவேண்டும் என்று நாலு தடவையும் ஒரே பதில். ஐந்தாவது தடவை முத்திரை போடாத திறந்த கடிதம், நீ ராஜா ஆகப் பார்க்கிறாய் என்று ஊர் பேசுகிறது என்று. வழியில் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் திறந்து அனுப்புவது. இன்றைக்கு அதை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். அதற்கு இரண்டு வரியில், நீ சொல்வது ஒன்றும் நடக்கவில்லை, உன் மனதில் நீயே உண்டாக்கிக்கொண்டது என்று எழுதி முடித்துவிட்டார். நீங்களும் சாயங்காலம் டீக்கடையில் நின்று பஞ்சாயத்துப் பேசாதீர்கள். குரூப்பில் பதிலுக்குப் பதில் போடாதீர்கள். கொத்தனார் வருகிற நேரத்துக்குச் சுவரடியில் இருங்கள்.

கடைசியாக அவர்கள் போட்ட தூண்டில்தான் பயங்கரம். செமாயா என்பவன், உன்னைக் கொல்ல வருகிறார்கள், வா, தேவாலயத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வோம் என்கிறான். அந்தப் புத்தகத்திலேயே கேட்க மிகவும் பக்தியாக இருக்கிற யோசனை இதுதான். அதற்கு முன்கூலி கொடுத்தது தொபியாவும் சன்பல்லாத்தும். (உங்கள் அண்ணனுக்கு யாரும் கூலி கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை, அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். யோசனையை அது எவ்வளவு பக்தியாக ஒலிக்கிறது என்பதை வைத்து எடைபோடக் கூடாது என்பதற்குத்தான் சொன்னேன்.)

ஒன்று பாக்கி. இதை என் மேல் வைத்தே சொல்கிறேன்.

என் முப்பத்தைந்தாவது வயதில் மூன்று சென்ட் வாங்கினேன். விற்றவர் நம்ம ஆள், நானோ பத்திர எழுத்தர், ஊருக்கெல்லாம் 'அளந்து வாங்குங்க' என்று சொல்கிறவன். எனக்கு மட்டும் அளக்கவில்லை. கர்த்தர் கொடுத்த இடம் என்று ஜெபித்து, கடைக்கால் போட்டுவிட்டேன். பின்பக்கத்து வீட்டம்மா, கணவர் இல்லாதவர், ஒரு நாள் தயங்கித் தயங்கி, பாத்ரூம் சுவர் எங்க பக்கம் வந்திருக்கிற மாதிரி இருக்கே என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் காகிதங்களை நம்பி, அந்த அம்மாவைத் தோற்கடிக்கத்தான் சர்வேயரைக் கூப்பிட்டேன். அவர் புல வரைபடத்தை விரித்து, சங்கிலியை இழுத்து, அந்த அம்மாவின் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காலால் தட்டி, இங்கே தோண்டுங்க என்றார். ஒரு முழம் தோண்டினதும் கடப்பாரை டங்கென்று தட்டியது. எல்லைக்கல். தாண்டியிருந்தது நான்தான், ஒன்றரை அடி. சுவரை இடித்துக் கட்டினேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இடிக்கிற அன்றைக்கு ஆள்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அதைக் குடிக்க எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

உபாகமம் 19:14-ல் பிறனுடைய எல்லைக்குறியைத் தள்ளி வைக்காதே என்று இருக்கிறது. வகுப்பில் அதைப் பத்துத் தடவை நடத்தினவன் நான். நெகேமியாகூட மதில் வேலைக்கு நடுவில் ஐந்தாம் அதிகாரத்தில் நின்று, சொந்த ஜனத்திடம் வட்டி வாங்கின பிரபுக்களிடம் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் திருப்பிக் கொடுக்க வைத்தார். தன் பணமும் கடனாகப் போயிருந்ததை அவரே ஒத்துக்கொள்கிறார். தன் கை சுத்தமா என்று பார்க்காமல் காவல் நிற்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

ஆகவே கேவியட்டுக்கு முன்னால் அளவு. பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து மட்டும் பேசாதீர்கள். பட்டா வருவாய்த்துறைப் பதிவு, உரிமைக்கு மூலப்பத்திரத்தின் தொடர்தான் அடிப்படை. பத்திரத்தில் எழுதின நான்கு மாலும் (நாலு பக்கத்து எல்லை விவரம்) புல வரைபடத்தின் அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பட்டாவும் புல வரைபடமும் ஆன்லைனிலேயே எடுக்கலாம். வில்லங்கச் சான்றும் அப்படியே. எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, ஒரு செட் நகலை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள். சுவர் நிற்கிற நிலையைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். மூணு அடி அவருடையது என்று அளவில் வந்தால் கேவியட் வேண்டாம், கடப்பாரைதான் வேண்டும். உங்களுடையது என்று வந்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள், ஷெட் வேலையை நிறுத்தாதீர்கள்.

புதன்கிழமை சர்வேயர் வருவதை அந்தப் பக்கத்துக்காரரிடம் நீங்களே முந்தின நாள் போய்ச் சொல்லிவிடுங்கள், ஆள் அனுப்ப வேண்டாம். அவர் நிற்கும்போதே சங்கிலி இழுக்கட்டும், கல் ஊன்றட்டும். காலையில் வீட்டில் ஜெபம் பண்ணிவிட்டுப் போங்கள். கடப்பாரையும் எடுத்து வையுங்கள், பழைய கல் ஒரு முழம் கீழேதான் இருக்கும்.